பளபளப்பு யாருக்கு சார்?

புது வீட்டுக்கு டைல்ஸ் எடுக்கப் போகிற கோஷ்டியைப் பார்த்திருக்கிறீர்களா? அப்பா வருவார். அம்மா வருவார். மாமியார் வருவார். 'எனக்குக் கடைக்காரரைத் தெரியும்' என்று ஒரு சித்தப்பா வருவார். வராத ஆள் ஒருத்தர்தான். அந்தத் தரையில் செருப்பில்லாமல், நாலு காலால், நாள் முழுக்க நடக்கப் போகிறவர். உங்கள் வீட்டு நாய்!

கடையில் சேல்ஸ்மேன் ஒரு டைல்ஸைத் தூக்கி லைட்டுக்கு நேராகப் பிடித்து, "சார், இதுல முகம் பார்க்கலாம் சார்!" என்பார். கோஷ்டி மொத்தமும் குனிந்து முகம் பார்க்கும். பில் போட்டாயிற்று!

தரையில் முகம் பார்க்கிற பழக்கம் நாய்க்குக் கிடையாது. நமக்கும் பாத்ரூமில் கண்ணாடி இருக்கிறது. பிறகு யாருக்காக இந்தப் பளபளப்பு?

ஆபீஸ் நண்பர் ஒருவர் லோன் போட்டு ஃப்ளாட் வாங்கினார். கிச்சன், டைனிங் எல்லாம் ஒரே வெள்ளைப் பளபளப்பு. கூடவே குடிவந்தது ஒன்பது வயசு லாப்ரடார், பெயர் மணி. பழைய வாடகை வீட்டில் தேய்ந்துபோன சிமென்ட் தரை. அதில் மணி ராஜா மாதிரி நடக்கும்.

புது வீட்டில் நாலாம் நாளிலிருந்து மணி சாப்பிட வரவில்லை. டைனிங் ஓரத்தில் மிதியடி மேல் நின்றுகொண்டு கிண்ணத்தையே பார்க்கும். ஒரு கால் எடுத்து வைக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளும். 'வீடு பிடிக்கலை போல' என்றார் ஒருத்தர். 'வயசாயிடுச்சு' என்றார் இன்னொருத்தர். 'மொட்டை மாடியில கட்டிடுங்க மாமா' என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் மச்சான்.

டாக்டர் காலை மடக்கி, நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால்ல ஒண்ணும் இல்லை சார். கோளாறு தரையிலதான்."

அன்றைக்கு ராத்திரிதான் நண்பர் கவனித்தார். அவருடைய அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கிச்சனுக்குப் போகிறார். "ஏம்மா, வழுக்குதா?" என்றால், "சேச்சே, சும்மாதான்ப்பா" என்கிறார். மகன் லோன் போட்டு வாங்கின வீட்டைக் குறை சொல்ல எந்த அம்மாவுக்கு மனசு வரும்? மணிக்கு லோன் விஷயம் தெரியாது. அதனால் நின்ற இடத்திலேயே நின்று உண்மையைச் சொல்லிவிட்டது.

விஷயம் சிம்பிள். பூனை மாதிரி நாய் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. மண்ணில் நகம் குத்திப் பிடிக்கும். டைல்ஸில் எங்கே குத்துவது? நகம் வளர்ந்திருந்தால் இன்னும் மோசம். மெத்தென்ற உள்ளங்கால் தரையில் சரியாகப் படாது. பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் போகும். லாப்ரடார் ஜாதிக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு ஏற்கெனவே அதிகம். அதன் மேல் தினம் ஸ்கேட்டிங் வேறு!

சரி, என்னதான் போடுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மார்பிள்: கிச்சனுக்கு வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் ஜாதி. எலுமிச்சை, புளி, ரசம் எது கொட்டினாலும் பாலிஷை அரித்துவிடும். நாய் 'ஒண்ணுக்கு' போனாலும் கறை.

கிரானைட்: கல் கெட்டி. பாலிஷ் போட்டால் வழுக்கும். 'லெதர் ஃபினிஷ்' என்று சொரசொரப்பாக வருகிறது, அதைக் கேளுங்கள்.

கோட்டா, கடப்பா: முன்னது ராஜஸ்தான், பின்னது ஆந்திரா. ரொம்பப் பாலிஷ் பண்ணாமல் போட்டால் கால் நன்றாகப் பிடிக்கும். இதுவும் சுண்ணாம்புக் கல்தான், புளிக்குப் பயப்படும். சிந்தினால் உடனே துடைக்க வேண்டும்.

ஆத்தங்குடி: காரைக்குடிப் பக்கத்து அழகு. சூளையில் சுடாமல், கண்ணாடி மேல் சிமென்ட் கலவை ஊற்றிச் செய்வது. ஹாலுக்குப் போடுங்கள், ரசிக்கலாம். சாம்பாரும் மஞ்சள்தூளும் சிந்துகிற இடத்துக்குக் கறை பயம் உண்டு.

மர லாமினேட்: பார்க்க அமெரிக்கா மாதிரி இருக்கும். மேலே படம், உள்ளே இறுக்கி அழுத்தின மரத்தூள். நாய் தண்ணீர் குடித்தால் பாதி வாயில், பாதி தரையில். இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கினால் அப்பளம் மாதிரி உப்பிக்கொள்ளும்.

எஸ்.பி.சி. பலகை: கல் பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்தது. தண்ணீருக்கு உப்பாது. சூடான வாணலியை மட்டும் இறக்கி வைத்துவிடாதீர்கள்.

விட்ரிஃபைடு, ஆனால் 'மேட்' ஃபினிஷ்: என் ஓட்டு இதற்குத்தான். நல்ல விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது. கறை உள்ளே போக வழி குறைவு. பளபளப்பு இல்லாததால் காலும் நிற்கும்.

வாங்கும்போது 'ஆர் நம்பர் என்ன?' என்று கேளுங்கள். ஜெர்மனி சமாசாரம். சரிவான மேடையில் டைல்ஸ் பதித்து, எண்ணெய் ஊற்றி, ஆளை நடக்கவிடுவார்கள். எந்தக் கோணத்தில் வழுக்குகிறார் என்று பார்த்து மார்க் போடுவார்கள்! ஆர்-9 கடைசி பெஞ்ச். ஆர்-13 முதல் ரேங்க். வீட்டுக் கிச்சனுக்கு ஆர்-10 போதும். அதற்கு மேலே போகப் போக அழுக்கு பிடிக்கும், வீட்டில் திட்டு விழும்.

'நாய் நகம் டைல்ஸைக் கீறிடாதா?' என்று ஒரு பயம் எல்லாருக்கும் உண்டு. கீறாது. கடினத்துக்கு ஒன்று முதல் பத்து வரை ஒரு அளவு இருக்கிறது. அதில் நகம் இரண்டரைதான். மார்பிளே மூன்று. நாய் தெருவிலிருந்து காலில் கொண்டுவருகிற மணல் இருக்கிறதே, அது ஏழு! ஆகவே நாயைத் திட்டாதீர்கள். வாசலில் நல்ல தென்னை நார் மிதியடி போடுங்கள்.

அடுத்தது இடுக்கு. ஒரு அடி டைல்ஸ் என்றால் இடுக்கு அதிகம், கால் பிடிக்க வசதி. ஆனால் சாதா சிமென்ட் அடைத்தால் நாயின் சிறுநீரை அது உறிஞ்சிக்கொள்ளும். வாடை போகாது. அந்த வாடைக்கு மறுபடியும் அதே மூலையில் காலைத் தூக்கும். எபாக்ஸி அடைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார். விலையும் கூட, வேலையும் கூட. விடாதீர்கள்.

பி.காம். படித்தவன் கணக்குச் சொல்லாமல் போகலாமா? கிச்சன் 8க்கு 10, டைனிங் 10க்கு 12. மொத்தம் 200 சதுர அடி. வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 220. 'இரண்டடி டைல்ஸ்' என்று விற்பது நிஜத்தில் 600 மில்லிமீட்டர், இரண்டடிக்கு ஒரு சென்டிமீட்டர் குறைச்சல். நாலு டைல்ஸ் பெட்டிக்கு 16 அல்ல, பதினைந்தரை சதுர அடிதான். ஆக 15 பெட்டி. கூட ஒரு பெட்டி வாங்கிப் பரணில் போடுங்கள். அடுத்த வருஷம் ஒன்று உடைந்தால் அதே கலர் அமைவது கஷ்டம்.

வாடகை வீட்டுக்காரர்கள் பெருமூச்சு விட வேண்டாம். அடியில் ரப்பர் வைத்த நீள மிதியடியைப் படுக்கையிலிருந்து சாப்பாட்டுக் கிண்ணம் வரை ரோடு மாதிரி போடுங்கள். மாதம் ஒரு முறை நகம் வெட்டிவிடுங்கள். என் நண்பரும் தரையை உடைக்கவில்லை, அதைத்தான் செய்தார். மணி ரோட்டில் சாப்பிட வந்தது. அதே ரோட்டில் அம்மாவும் சுவரை விட்டுவிட்டு நடந்தார்.

பில் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு பரீட்சை. நாலு டைல்ஸ் சாம்பிள் வாங்கி வாருங்கள். நகராமல் ஈரச் சாக்கின் மேல் பரப்பி, தண்ணீர் தெளித்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஏறிப் பாருங்கள். நின்றால், துடைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஒரு பிஸ்கட் வைத்து நாயைக் கூப்பிடுங்கள்.

தயங்காமல் நடந்து வந்து பிஸ்கட்டைத் தின்றால் அந்த டைல்ஸ் பாஸ். தரைக்குத் தேய்மானக் கணக்கு எழுதிவிடலாம் சார், இடுப்பெலும்புக்கு எழுத முடியாது. முகம் பார்க்கிற டைல்ஸ்தான் வேண்டும் என்று சித்தப்பா அடம்பிடித்தால், சுவரில் பதித்துக் கொடுத்துவிடுங்கள். நிம்மதியாக நின்று தலை வாரிக்கொள்ளட்டும்!