பசி ஒளிந்திருக்கும் சொல்



சில நாட்களாக ஒரு ஸ்பானியச் சொல் என்னை விடாமல் சுற்றிவருகிறது: ‘பீக்கரோ’. ஏமாற்றுக்காரன், வெட்கங்கெட்டவன் என்று ஒருவனின் ஒழுக்கக்கேட்டைச் சொல்லும் பெயரடை, பெயர்ச்சொல்லாகவும் வரும். சிரிப்போடு சேர்ந்தால் மட்டும் வசவு மறைந்து செல்லமாகிவிடும். நாம் ‘கள்ளச் சிரிப்பு’ என்கிறோமே, அப்படி.

1599இல் மத்தேயோ அலெமான் எழுதிய ‘குஸ்மான் தே அல்ஃபராச்சே’ நாவலின் முதல் பாகம் வந்தது. வாசகர்கள் அந்த நூலையே ‘பீக்கரோ’ என்று அழைத்தார்கள். 1622இல் அதை ஆங்கிலமாக்கிய ஜேம்ஸ் மாப், ‘தி ரோக்’ என்று தலைப்பிட்டார். அந்தத் தேர்வை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு. அன்றைய ஆங்கிலத்தில் ‘ரோக்’ என்றால் வெறும் அயோக்கியன் அல்ல. வேலையும் வீடுமின்றி ஊர் ஊராக அலைபவன். 1572ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்டவனைச் சவுக்கால் அடித்து, காதில் சூட்டுக்கோலால் துளையிடச் சொன்னது. மாப் எடுத்த சொல்லுக்குள் வறுமையும் இருந்தது, தண்டனையும் இருந்தது. இன்றைய ‘ரோக்’கில் அந்த ஏழை இல்லை. குறும்புக்காரனோ கெட்டவனோதான் மிச்சம்.

பசியை விட்டுவிட்டால் பீக்கரோ புரியவே மாட்டான். 1554இல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த ‘லாசரில்லோ தே தோர்மெஸ்’ கதையில் ‘பீக்கரோ’ என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் அந்த வம்சத்துக்கு மூத்தவன் லாசரில்லோதான். பார்வையற்ற எஜமானின் மதுச்சாடியின் அடியில் துளையிட்டு, மெழுகால் அடைத்துவைத்துத் திருடிக் குடிப்பான். அதே பையன் பிறகு, கையில் காசில்லாமல் கௌரவம் மட்டும் மிச்சமிருக்கும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்கிறான். அவர் சாப்பிடாமலேயே, சாப்பிட்டவர்போல வாசலில் நின்று துரும்பால் பல் குத்துகிறார். லாசரில்லோ பிச்சையெடுத்து வந்த ரொட்டியை அவருக்குப் பங்கு வைக்கிறான். அவர் மானம் போகாதபடி, பக்குவமாக. இவனை ஆங்கிலத்தில் ‘ஸ்கௌண்ட்ரல்’, அதாவது அயோக்கியன், என்று எழுத ஒரு மொழிபெயர்ப்பாளருக்குக் கை வருமா?

ஆங்கிலம் கடைசியில் ‘பிக்கரெஸ்க்’ என்ற பெயரடையை ஸ்பானியத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. அது ஒரு நாவல் வகைக்குப் பெயரானது. மனிதனைத் திட்டவோ கொஞ்சவோ உதவாது.

தமிழில் ‘பீக்கரோ’வுக்கு இணையான சொல் தேடி நான் ‘போக்கிரி’ வரை வந்துவிட்டேன். தாய் பிள்ளையைக் கொஞ்சவும் அதைச் சொல்வாள். ஊர் ஒருவனை ஒதுக்கவும் சொல்லும். ஆனால் அதில் பசி இல்லையே என்று தயங்குகிறேன். வயிற்றுக்காகப் பொய் சொல்லும் பையனை உங்கள் ஊரில் எப்படி அழைப்பார்கள்? அந்தச் சொல்லை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்