பைபர் கம்பம் தோட்டத்துக்குள்ளும் வரட்டும்

டவுனுக்குப் போனால் தொலைபேசிக் கம்பனிகளின் போட்டியைப் பார்க்கலாம். எஸ்.எல்.டி. மொபிட்டெல் வீட்டுக்கு வீடு பைபர் இழுக்கிறது. டயலொக் பைபரும் கொடுக்கிறது, 4ஜி ரவுட்டரும் விற்கிறது. 2025 ஜூலையில் வானத்திலிருந்து இணையம் தரும் ஸ்டார்லிங்கும் வந்துவிட்டது. போட்டி வந்தால் விலை குறையும், சேவை கூடும் என்கிறார்கள். டவுன் வீட்டுக்காரருக்கு அது சரி. ஒரு கம்பனி பிடிக்காவிட்டால் அடுத்த கம்பனிக்கு மாறலாம்.

நமது லயங்களில் கதை வேறு. இங்கே எந்தக் கம்பனி மலிவு என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் கல்லில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும் என்றுதான் கேட்கிறோம். 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது மலையகப் பிள்ளைகள் மேட்டிலும் மரத்தடியிலும் நின்று பாடம் கேட்டதை நாடே பார்த்தது. கொரோனா போய்விட்டது. பிள்ளைகள் இன்னும் மேட்டில்தான் நிற்கிறார்கள்.

போட்டி ஏன் தோட்டத்துக்குள் வருவதில்லை? முதல் காரணம் கணக்கு. பிரதான வீதியிலிருந்து டிவிசனுக்குச் சில கிலோமீற்றர் கம்பம் நட வேண்டும். அந்தச் செலவுக்கு எத்தனை வீடு சேரும் என்று கம்பனி பார்க்கிறது. இரண்டாவது காரணம் நிலம். 1992இல் தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டன. குத்தகை நிலத்தில் கம்பம் நட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மூன்றாவது காரணம் முகவரி. நம்மில் பலருக்குத் தனி வீட்டு இலக்கம் இல்லை, காணி உறுதி இல்லை, கடிதம் கூடத் தோட்டத்து ஒபிஸ் வழியாகத்தான் வருகிறது. இணைப்புக்குப் படிவம் நிரப்பப் போனால் அங்கேயே தடை.

அதனால் நமக்கு மிஞ்சுவது 4ஜி ரவுட்டர். அது ஊர்ப் பீலி மாதிரி. ஒரு கோபுரத்தில் வரும் அலைவரிசையை எல்லாரும் பங்குபோட வேண்டும். இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் போனை எடுத்தால் பீலியில் சொட்டுத்தான் விழும். பள்ளத்து லயத்துக்கு அந்தச் சொட்டும் இல்லை. பக்கேஜைப் பாருங்கள்: பகலுக்குக் கொஞ்சம் ஜீபி, நடுநிசிக்குப் பிறகு அள்ளிக்கொடுக்கும் ஜீபி. விடியப் பெரட்டுக்குப் போகிறவரும் காலையில் பாடசாலைக்குப் போகிற பிள்ளையும் நடுநிசியில் விழித்திருந்தா அதைப் பாவிப்பது?

ஸ்டார்லிங்குக்குக் கம்பம் தேவையில்லை, உண்மைதான். ஆனால் 2025இல் அது வந்தபோது கருவி மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல். குறைந்த மாதக் கட்டணமே அப்போது சுமார் 12,000 ரூபா. அப்போது இருந்த, 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், மாதக் கட்டணத்துக்கே ஒன்பது நாள் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது.

“சம்பளமே போதவில்லை, இன்டர்நெட் எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சம்பளக் கோரிக்கை முதலில் நிற்கட்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் இணையத்துக்கு நாம் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். சின்னச் சின்ன ரீலோட்டாகக் கொடுப்பதால் தெரிவதில்லை. ஒவ்வொரு ரீலோட்டிலும் வரியும் போகிறது. பரீட்சைப் பெறுபேறு, கல்வி அமைச்சின் இ-தக்சலாவ பாடங்கள், வேலை விண்ணப்பம் எல்லாம் இணையத்தில்தான். என் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. உயர்தரத்தில் அவர்களோடு போட்டியிடும் டவுன் பிள்ளையின் வீட்டில் பைபர் இருக்கிறது. பின்தங்குவது மூளையால் அல்ல.

ஆகவே சங்கம் இதைக் கூட்டுக் கோரிக்கையாக எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று, கம்பம் நடும் அனுமதியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கெஞ்சிக் கேட்காமல், பெருந்தோட்டக் கம்பனிகளோடு பேசி ஒரே முடிவாக வாங்க வேண்டும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் சேவை செய்யத் தடையாக இருந்த சட்டமே 2018இல் திருத்தப்பட்டது. கேட்டால் மாறும்.

இரண்டு, லயத்தோடு சேர்ந்து விண்ணப்பிப்போம். லயம் நமக்கு வசதியான வீடு அல்ல. ஆனால் பைபர் கணக்கில் அது நமக்குச் சாதகம். பக்கத்துப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கதவுகள் இருப்பதால், ஒரே கம்பத்துப் பெட்டியிலிருந்து பல வீடுகளுக்குக் கம்பி இழுக்கலாம். தனி வீட்டின் கையெழுத்தைக் கம்பனி கவனிக்காது. முழு டிவிசனின் கையெழுத்தைத் தள்ளிவைக்க முடியாது.

மூன்று, ஸ்ரீலங்கா ரெலிகொமில் ஏறத்தாழப் பாதிப் பங்கு அரசாங்கத்தினுடையது. கோபுரம் இல்லாத கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் திட்டம் ஒன்று இரத்தினபுரியில் தொடங்கப்பட்டது. தோட்டங்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கும்படி மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

அதுவரை தோட்டப் பாடசாலைக்கும் சனசமூக நிலையத்துக்கும் ஒவ்வொரு பைபர் இணைப்பாவது வரட்டும். பிள்ளைகள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிக்கலாம்.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் இதை நிகழ்ச்சிநிரலில் போடுங்கள். உங்கள் டிவிசனில் எத்தனை வீடு, எத்தனை படிக்கிற பிள்ளை, எந்த லயத்தில் சிக்னல் இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுவாருங்கள். கம்பனியோடு பேசப் போகும்போது அந்தக் கொப்பி கையில் இருக்க வேண்டும்.