மன்னிப்பு யார் கணக்கில்?

ஆப்கானிஸ்தானில் பக்ராம் என்று ஒரு விமானத்தளம். 2012 பிப்ரவரியில் அங்கே அமெரிக்க ராணுவம் இருந்தது. ஒட்டினாற்போல் ஒரு சிறை. சிறை நூலகத்துப் புத்தகங்களில் கைதிகள் ஏதேதோ கிறுக்கித் தங்களுக்குள் தகவல் அனுப்பிக்கொள்கிறார்கள் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். மூட்டை கட்டிக் குப்பை எரிக்கும் குழிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வேலை செய்த ஆப்கானியத் தொழிலாளிகள் எட்டிப் பார்த்தால், எரிகிற குப்பைக்குள் குர்ஆன் பிரதிகள்.

ஊர் கொந்தளித்தது. சில நாட்களில் சுமார் 30 பேர் செத்தார்கள். ஆப்கன் ராணுவ உடுப்பில் வந்த ஒருவன் இரண்டு அமெரிக்கச் சிப்பாய்களைச் சுட்டுக் கொன்றான். அதே நாள், பிப்ரவரி 23, அதிபர் ஒபாமாவின் மன்னிப்புக் கடிதம் ஆப்கன் அதிபர் கர்சாயின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் அது தேர்தல் வருஷம். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்கு ஓடிக்கொண்டிருந்த நியூட் கிங்ரிச் பொங்கிவிட்டார். செத்தது நம் வீரர்கள், மன்னிப்புக் கேட்க வேண்டியது கர்சாய், இவர் எதற்குக் கேட்கிறார்? இதுதான் அவர் வாதம்.

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நியாயம் இல்லை.

நான் படித்தது பி.காம். முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: ராமன் நமக்குத் தரவேண்டியது ராமன் கணக்கில், நாம் கோபாலுக்குத் தரவேண்டியது கோபால் கணக்கில். ராமன் ஏமாற்றிவிட்டான் என்பதற்காகக் கோபாலுக்கு நாமம் போட முடியாது. சிப்பாய்களைச் சுட்டவன் கொலைகாரன். அதற்குக் கர்சாய் பதில் சொல்லட்டும். அவர் சொல்லிவிட்டால் மட்டும், எரித்த புத்தகம் எரியாததாக ஆகிவிடுமா? மூட்டையைக் குழிக்கு அனுப்பியது தெருவில் போகிற யாரோ இல்லை. யூனிஃபார்ம், சம்பளம், துப்பாக்கி எல்லாம் கொடுத்து அமெரிக்க அரசாங்கம் அனுப்பிவைத்த ஆட்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2008-ல் பாக்தாத் அருகே ஓர் அமெரிக்கச் சிப்பாய் குர்ஆனைக் குறியாக வைத்துச் சுட்டுப் பழகினான். இராக் பிரதமர் மாலிகியிடம் அப்போது மன்னிப்புக் கேட்ட அதிபர் யார் தெரியுமா? ஜார்ஜ் புஷ். கிங்ரிச்சின் சொந்தக் கட்சிக்காரர். இரண்டு நாடுகள் மீது படையெடுத்தவர். அவரைக் கோழை என்று சொல்ல முடியுமா?

வணிகச் சட்டத்தில் இன்னொரு பாடம் வரும். ஏஜென்ட் வேலை நிமித்தம் செய்கிற தப்புக்கு முதலாளி பொறுப்பு. ஏஜென்ட் அல்லாத ஒருவன் செய்தால் முதலாளிக்குச் சம்பந்தமில்லை. நாட்டுத் தலைவர்கள் அடுத்த மதத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்கலாமா, கூடாதா என்று மணிக்கணக்காக வாதம் செய்கிறோமே, அதற்கு இந்த இரண்டு வரி போதும்.

அதே ஒபாமா, அதே 2012. செப்டம்பரில், கலிஃபோர்னியாவில் ஓர் ஆசாமி நபிகள் நாயகத்தைக் கேவலப்படுத்தி எடுத்த வீடியோ யூடியூபில் பரவி, கெய்ரோ முதல் பாகிஸ்தான் வரை கலவரம். ஒபாமா வீடியோவைக் கண்டித்தார். அரசாங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அதைப் பாகிஸ்தான் டிவியில் காசு கொடுத்து விளம்பரமாகவே போட்டார்கள். மன்னிப்பு? கேட்கவில்லை.

கேட்காததுதான் சரி. ஒரு தனி ஆள் எடுத்த படத்துக்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டால், யார் என்ன படம் எடுக்கலாம் என்று தீர்மானிப்பதும் அரசாங்கத்தின் வேலையாகிவிடும். இன்றைக்கு மன்னிப்பு, நாளைக்குக் கத்தரிக்கோல்.

ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்பது வேறு, முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறு. 2005 செப்டம்பரில் ஒரு டென்மார்க் நாளிதழ் நபிகளைப் பற்றி 12 கார்ட்டூன்கள் போட்டது. முஸ்லிம் நாடுகளின் தூதர்கள் 11 பேர் பிரதமர் ராஸ்முசனைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். முடியாது என்றார். பத்திரிகை போட்டதற்கு நான் பொறுப்பில்லை என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதை அவர்களை உட்கார வைத்து, ஒரு காபி கொடுத்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? 2006 பிப்ரவரியில் டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் டென்மார்க் தூதரகங்கள் எரிந்தன. சவூதிக் கடைகளில் டென்மார்க் வெண்ணெயும் சீஸும் காணாமல் போயின.

அதே டென்மார்க், 2017-ல் தெய்வ நிந்தனைச் சட்டத்தைத் தூக்கிக் கடாசியது. 2023 டிசம்பரில், மதநூல்களைப் பொது இடத்தில் எரிக்கக்கூடாது என்று புதிதாக ஒரு சட்டம் போட்டது. குடிமகன் செய்வதற்கெல்லாம் அரசு ஈடுகட்ட ஆரம்பித்தால் இங்கேதான் வந்து நிற்கும்.

ஒபாமா மன்னிப்புக் கேட்டதும் கலவரம் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து, காபூலில் உள்துறை அமைச்சகத்துக்குள்ளேயே மேலும் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். மன்னிப்பு என்பது தீயணைப்பு வண்டி இல்லை, சார். கடன்பட்டிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற சீட்டு. அசலைக் கட்டினால்தான் சீட்டுக்கு மதிப்பு. ஒபாமா அரசு கோட்டை விட்டது அங்கேதான். விசாரணை நடந்தது. ஆறு சிப்பாய்கள் மீது துறை நடவடிக்கை. கிரிமினல் வழக்கு கிடையாது. கதை முடிந்தது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். 2022 மே கடைசியில், மத்தியில் ஆளும் பா.ஜ.க.வின் தேசியச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் டிவி விவாதத்தில் நபிகளைப் பற்றிப் பேசினார். ஜூன் 3-ம் தேதி கான்பூரில் கலவரமே நடந்தது. கட்சி அசையவில்லை. ஜூன் 5-ம் தேதி கத்தார் நம் தூதரைக் கூப்பிட்டு, பகிரங்க மன்னிப்பு வேண்டும் என்றது. நம் குடியரசுத் துணைத்தலைவர் வேறு அப்போது கத்தாரில்தான் இருந்தார். தர்மசங்கடம். அதெல்லாம் யாரோ சில உதிரிகளின் கருத்து என்றது நம் தூதரகம். அதே நாளில் கட்சி அவரை சஸ்பெண்ட் செய்தது. அவரும் தன் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

உதிரியா? செய்தித் தொடர்பாளர் என்றால் கட்சிக்காகப் பேசுகிறவர் என்றுதானே அர்த்தம்? அரசாங்கத்தின் ஏஜென்ட் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பிரதமர் கத்தாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கட்சியின் ஏஜென்ட். விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்து டிவிக்கு அனுப்பிய கட்சி, நடவடிக்கையோடு நிறுத்தாமல் வாய்விட்டு மன்னிப்பும் கேட்டிருக்க வேண்டும். தோஹாவில் இருக்கும் ஷேக்குகளிடம் அல்ல. கான்பூரில் இருக்கிற, இங்கே ஓட்டுப் போடுகிற, இங்கே வரி கட்டுகிற முஸ்லிமிடம்.

பக்கத்து வீட்டுக்காரன் முறைத்தால் பதறுகிறோம். வீட்டு மனுஷன் புண்பட்டால் ஒரு வாரம் ஆனாலும் கண்டுகொள்வதில்லை. இதற்குப் பெயர் வருத்தம் இல்லை, வியாபாரம். வணிகவியல் படித்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், நல்ல வியாபாரமும் இல்லை.