உயரம் எங்கே கூடியது?

நண்பரின் ஜிப்ஸியை ஐந்து அங்குலம் தூக்கிக் கொடுத்தார்கள். மாருதி ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை ஆக்ஸிலுக்கு மேலே வைத்துப் பற்றவைத்து ஸ்பிரிங்கை அங்கே மாற்றினால் வண்டி மளமளவென்று உயர்ந்துவிடும். “இனிமே எந்தப் பாறையும் தட்டாது சார்” என்றார் பட்டறைக்காரர். முதல் மலைப்பயணத்திலேயே தட்டியது. தட்டிய இடம், ஆக்ஸிலில் கிரவுன் வீல் உட்கார்ந்திருக்கும் உருண்டைக் கூடு. தூக்குவதற்கு முன்பு எங்கே தட்டியதோ, அதே இடம்.

‘வண்டியைத் தூக்கினால் கிளியரன்ஸ் கூடும்’ என்பது நம் ஊர் ஜீப் பிரியர்களின் வேதவாக்கு. தரைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இருப்பது டயர் மட்டும்தான். ஸ்பிரிங் இணைப்பது ஆக்ஸிலையும் சேஸியையும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது சேஸியும் அதன்மேல் இருக்கும் உடலும்தானே ஒழிய, ஆக்ஸில் இருந்த இடத்தில்தான் இருக்கும். 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போட்டால் கூடு ஒரே ஒரு அங்குலம் உயரும். உண்மையான கணக்கு அவ்வளவுதான். தூக்குவதால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேட்டு விளிம்பில் வயிறு இடிக்காமல் கடக்கலாம், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், ஜிப்ஸியைப் பொறுத்தவரை ஸ்பிரிங்கின் அடித்தட்டும் யூ போல்ட்டும் பாறையின் வழியிலிருந்து விலகும். ஆனால் இதற்கெல்லாம் விலை கொடுப்பது, இன்ஜினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். அந்த விலையைப் பட்டறையில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

ஐந்து அங்குலம் என்றால் ஏறத்தாழ 127 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீள ஷாஃப்டுக்கு அது ஏழு டிகிரி கூடுதல் சாய்வு. 60 சென்டிமீட்டர் ஷாஃப்டுக்கோ 12 டிகிரி. குட்டை ஷாஃப்ட்தான் முதலில் அடிவாங்கும்.

சாய்ந்தால் என்ன? ஷாஃப்டின் முனையில் மடங்கிக் கொடுக்கும் கிராஸ் ஜாயின்ட்டுக்குப் பிறவிக் குணம் ஒன்று உண்டு. நேராகச் சுற்றும்வரை சாது. சாய்வில் சுற்றினால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். 10 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 டிகிரியில் ஆறு சதவீதம். கோணம் இரண்டு மடங்கு, தொல்லை நான்கு மடங்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில், கிரவுன் விகிதம் நான்குக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று சுற்றும். அப்படியானால் நிமிடத்துக்கு 5,000 உதறல்.

கம்பெனிக்காரன் இதை அறியாதவன் அல்ல. ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் வைத்து, இரண்டு கோணத்தையும் சமமாக்கி, மேல் கிராஸ் செய்யும் குறும்பைக் கீழ் கிராஸ் அழித்துவிடும்படி அமைத்திருக்கிறான். நண்பரின் வண்டியில் அந்தச் சமன்தான் கெட்டது. ஷாஃப்ட் சாய்வைக் குறைப்பதாக நினைத்து, ஆக்ஸிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கை மேல்நோக்கித் திருப்பிப் பற்றவைத்திருந்தார்கள். மேலே 18 டிகிரி, கீழே 6 டிகிரி. மேல் கிராஸ் ஐந்து சதவீதம் ஆட்ட, கீழ் கிராஸ் அரை சதவீதம் மட்டுமே திருத்தியது. அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் முதல் பல்வரிசை வரை கிடுகிடுத்தது.

இதற்குப் பட்டறை சொன்ன வைத்தியம் இரண்டாவது மூடநம்பிக்கை: “தடி ஷாஃப்ட் போட்டுடலாம் சார்.” தடித்த குழாய்க்கு வேலையே இல்லை என்பதில்லை. நீளமான மெல்லிய ஷாஃப்ட் அதிவேகத்தில் வில்லாய் வளையும், பாறையில் மோதினால் நசுங்கும். அந்த நோய்க்கு அது மருந்து. கோணத்தால் வந்த உதறலை அது துளியும் குறைக்காது. போதாக்குறைக்கு, குழாயின் விட்டம் ஓர் அங்குலம் கூடினால் சுற்றிலும் அரை அங்குல இடம் போய்விடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கிய நொடியில் நண்பரின் புது ஷாஃப்ட் சேஸியின் குறுக்குச் சட்டத்தில் உரசிக் கோடு போட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2007 மாடலாக வந்த ஜீப் ராங்லர் ஜேகே-யின் முன் ஷாஃப்டில் ரப்பர் உறை போட்ட குண்டு ஜாயின்ட் இருக்கும். வண்டியைத் தூக்கினால் உறை மடங்கிக் கிழிந்து கிரீஸ் தெறிக்கும். சரி என்று இரட்டைக் கிராஸ் வைத்த தடி ஷாஃப்டுக்கு மாறினார்கள். 2012 மாடலில் 3.6 லிட்டர் இன்ஜின் வந்தபோது, அதன் சைலன்சர் பைப் வளைந்து போகும் இடத்தில் அந்தத் தடி ஷாஃப்ட் போய் இடித்தது. பைப்பை நகர்த்த ஸ்பேசர் விற்றுச் சிலர் காசு பார்த்தார்கள்.

நோய் கோணத்தில் என்றால் கோணத்தைத்தான் திருத்த வேண்டும். சாதாரண ஷாஃப்ட் என்றால் இரு முனைக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். மேல்முனையில் இரட்டைக் கிராஸ் வைத்தால் பினியன் மூக்கு ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். ஒன்றின் விதியை மற்றொன்றில் பொருத்தினால் நண்பர் கதிதான். முன் ஆக்ஸிலில் மூக்கைத் திருப்பினால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணமும் கெடும். (மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இந்த மாற்றங்களை எப்படிப் பார்க்கிறது என்பதையும் தூக்குவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

தூக்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். எங்கே உரசுகிறது, ஷாஃப்டை நீளவும் குறுகவும் விடும் ஸ்லிப் ஜாயின்ட்டின் பற்கள் இன்னும் எவ்வளவு கோத்திருக்கின்றன என்று டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். இரு முனைக் கோணத்தையும் அளந்து தாளில் எழுதி வாங்குங்கள். “அதெல்லாம் தேவையில்லை சார்” என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.