ஒரு துண்டு மீனும் ஒரு கோப்பைச் சோறும்

ஒஸ்லோ நகரின் புறப்பகுதியில் வசிக்கும் எனது தங்கையின் வீட்டில் 2018 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். தங்கை முதியோர் இல்லமொன்றில் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறாள். ஒருநாள் மாலை, தன்னுடன் வேலை செய்பவர் ஒருவர் வராததால் தான் திரும்பி வர ஒன்பது மணியாகும் என்று தொலைபேசியில் அறிவித்தாள். மச்சானும் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் பதினைந்து வயது மருமகனும் மட்டுமே. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று நான் யோசித்துக் கொண்டிருக்கையில் அவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு பொதியை வெளியே எடுத்தான்.

“மாமா, அரை மணித்தியாலம் பொறுங்கோ. லக்ஸ் செய்யிறன்” என்றான்.

லக்ஸ் என்பது சமன் மீனுக்கு நோர்வேஜிய மொழியில் வழங்கும் பெயர். இலங்கையில் வளர்ந்த என் தலைமுறையினருக்குச் ‘செமன்’ என்றால் கடைத் தட்டில் அடுக்கியிருக்கும் ரின் மீன்தான். அந்த ரின்னைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறொரு மீன் என்பது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டு விட்டது. உண்மையான சமனின் இளஞ்செம்மஞ்சள் நிறத் துண்டங்களை ஒரு வீட்டுக் குசினியில் மிக அருகில் பார்த்தது அன்றுதான்.

பத்திரிகையாளனுக்குரிய பழக்கதோஷத்தினால் நேரத்தைக் குறித்துக் கொண்டேன். முதலில் அவன் அரிசியைக் கழுவி மின்சாரப் பானையில் போட்டான். அடுப்புப் பெட்டியை 200 பாகை செல்சியசுக்குத் திருப்பி விட்டான். தலா 125 கிராம் அளவிலான நான்கு மீன் துண்டுகளின் ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, தோற்பக்கம் கீழே இருக்கும்படி தட்டொன்றில் வைத்தான். சிறிய சட்டியொன்றில் மூன்று மேசைக்கரண்டி சோயா சோஸ், இரண்டு மேசைக்கரண்டி தேன், துருவிய உள்ளி இரண்டு பல்லு, சிறிது இஞ்சி, அரைத் தேசிக்காயின் சாறு ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்க வைத்தான். கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் அளவுக்குப் பாகு இறுகியதும் இறக்கி விட்டான். மீன் தட்டு அடுப்புக்குள் சென்றது. எட்டு நிமிடங்களின் பின்னர் அதை வெளியே இழுத்து, துண்டங்களின் மேல் பாகைத் தடவி, மீண்டும் நான்கு நிமிடங்கள் உள்ளே வைத்தான். இதற்கிடையில் புரொக்கோலியும் அவிந்து விட்டது. எல்லாமாக இருபத்தேழு நிமிடங்கள்.

கோப்பையில் சோறு, அதன் அருகே மெழுகு பூசியது போல் மினுங்கும் ஒரு துண்டு மீன், கொஞ்சம் மரக்கறி. அவ்வளவுதான்.

“கறி எங்கை?” என்று கேட்டேன்.

“இதுதான் மாமா கறி.”

அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நான் பின்னர் வெட்கப்பட நேர்ந்தது. அதனை எழுதுவதற்கு முன்னர் இந்தச் சமையலைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். சோயா சோசையும் இனிப்பையும் சேர்த்துக் காய்ச்சி, மீனின் மேல் பூசிச் சுடுவது ஜப்பானியரின் முறை. அவர்கள் அதனைத் தெரியாக்கி என்று அழைக்கின்றனர். தெரி என்றால் பளபளப்பு. யாக்கி என்றால் சுடுதல். அவர்கள் சேர்ப்பது மிரின் எனப்படும் இனிப்பான அரிசி மது; தேன் பிற நாட்டுக் குசினிகளில் ஏற்பட்ட மாற்றம். நோர்வே மீனுக்கும் ஜப்பானியருக்கும் உள்ள உறவும் சுவையானது. பசுபிக் கடலின் சமனில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருப்பதால் ஜப்பானியர் அதனைப் பச்சையாக உண்பதைத் தவிர்த்து வந்தனர். 1980களின் நடுப்பகுதியில் நோர்வே அரசும் மீன் வணிகர்களும், தமது வளர்ப்பு மீனைப் பச்சையாகவே உண்ணலாம் என்று அவர்களை நம்ப வைப்பதற்குப் பெருமுயற்சியில் இறங்கினர். அது பலிக்கப் பல ஆண்டுகள் எடுத்தன. இன்று சூஷி என்றதும் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது அந்தச் செம்மஞ்சள் துண்டுதான்.

இந்தச் சமையலில் தவறு விடக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. இனிப்புப் பாகை ஆரம்பத்திலேயே பூசினால் மீன் வேகுமுன் பாகு கருகிக் கைத்துப் போகும். அதனால்தான் அவன் கடைசி நிமிடங்கள் வரை காத்திருந்தான். அளவுக்கு மேல் வேக விட்டால் தசையிலிருந்து வெள்ளை நிறப் புரதம் கசிந்து மேலே திரளும்; அது தெரிந்தால் நேரம் கடந்து விட்டது என்று பொருள். உப்புத் தனியாகச் சேர்க்கக் கூடாது, சோயா சோசில் தாராளமாகவே இருக்கிறது. சமன் கொழுப்பு மிகுந்த மீனாகையால் ஓரிரு நிமிடப் பிசகை அது மன்னித்து விடும். பதினைந்து வயதுப் பையனிடம் இதனை நம்பி ஒப்படைக்கலாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்பதரை மணிக்குத் தங்கை வந்தாள். மகன் வைத்திருந்த கோப்பையை எடுத்து, மேலங்கியைக் கூடக் கழற்றாமல் குசினி மேசையருகே இருந்து சாப்பிட்டாள். நான், பொடியன் பாவம், தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறான் என்ற தொனியில் ஏதோ சொன்னேன். அவள் சிரித்தாள்.

“அண்ணா, நீங்கள் நிக்கிறபடியால்தான் நான் மூண்டு கறி வைக்கிறன். மற்றும்படி கிழமையிலை இரண்டு மூண்டு நாள் எங்களுக்கு இதுதான் சாப்பாடு.”

அந்த இரண்டு வாரங்களும் அவள் வேலையால் வந்து, உடுப்பு மாற்றி, தேங்காய்ப்பால் கரைத்து, மீன் குழம்பு வைத்து, வறை வறுத்து, சொதியும் கூட்டி மேசையில் வைத்ததெல்லாம் என் பொருட்டு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அதனை விருந்தோம்பல் என்று நான் எண்ணிக் கொண்டிருந்தேன். விருந்தோம்பல்தான், ஆனால் அதற்கான விலையைச் செலுத்தியவள் நாள் முழுவதும் முதியவர்களைத் தூக்கிக் கிடத்தி விட்டு வந்த ஒருத்தி.

எமது சமூகத்தில் ஒரு சாப்பாட்டின் பெறுமதி, சோற்றைச் சுற்றி எத்தனை கறிகள் உள்ளன என்ற எண்ணிக்கையினால் அளக்கப்படுகிறது. ஒரு கறி என்றால் வறுமை அல்லது அலட்சியம். மூன்று என்றால் பரவாயில்லை. ஐந்து என்றால் கெட்டிக்காரப் பெண். இந்தக் கணக்கை வகுத்தவர்கள் அடுப்படியில் நிற்பவர்கள் அல்லர், மேசையில் காத்திருப்பவர்கள். நானும் அவர்களில் ஒருவன். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் இருக்கிறேன். பக்கங்களை முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டு நள்ளிரவு கடந்து வீடு திரும்பிய காலங்களில், ஒருநாளாவது மேசையில் மூடி வைத்த கோப்பை இல்லாமல் இருந்ததில்லை. அதனை வைத்தவர் காலை ஏழரை மணிக்குப் பாடசாலையில் நிற்க வேண்டிய ஓர் ஆசிரியை. உப்புக் கூடி விட்டது என்று நான் சொன்ன இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. நன்றாக இருந்தது என்று சொன்ன இரவுகளை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், அவ்வளவாக அகப்படவில்லை.

இதனை நான் நண்பர்கள் மத்தியில் சொன்னபோது, எமது பாரம்பரிய உணவு முறை அழிந்து போவதற்கு வழி சொல்கிறாய் என்று ஒருவர் கோபித்துக் கொண்டார். எந்தப் பாரம்பரியம் என்று அவரிடம் கேட்டேன். மீனும் நண்டும் கீரையும் பலாக்கொட்டையும் ஒரே பானையில் கொதிக்கும் ஒடியற்கூழ் எத்தனை கறிக் கணக்கில் சேரும்? கரையில் தணலில் வாட்டிய மீனோடு சோற்றை உண்டு எழுந்த தொழிலாளி யாருடைய பாரம்பரியத்தைச் சேர்ந்தவன்? பல கறிச் சாப்பாடு என்பது விரத நாளுக்கும் விருந்து நாளுக்கும் உரியது. அதனை அன்றாடக் கடமையாக்கியது வசதியும், ஒரு பெண் முழு நாளும் வீட்டிலேயே இருப்பாள் என்ற எடுகோளும்தான். அந்த எடுகோள் கொழும்பிலும் உடைந்து விட்டது, ஒஸ்லோவில் எப்போதோ உடைந்து விட்டது. கணக்கு மட்டும் மாறவில்லை. மீன் குழம்பை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம். புளி விட்டு வைத்து மறுநாள் காலையில் உண்ணும் குழம்புக்கு எந்த நாட்டுப் பாகும் ஈடாகாது. அதனைத் தினமும் ஒருவரே வைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

ஆண்களால் முடியாது என்பதும் பொய். எனது மச்சான் 1980களின் இறுதியில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தில், ஒரு சிறிய ஊரின் மீன் தொழிற்சாலையில் கொட் மீன் வெட்டியவர். அக்காலத்தில் அங்கு சென்ற எம்மவர் பலரின் முதல் தொழில் அதுவே. (யாழ்ப்பாணத்துக்கும் நோர்வேக்கும் இடையிலான மீன் உறவு அதற்கு முந்தியது. 1956 இல் அங்கு சென்ற குருநகர் அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியால் காரைநகரில் உருவான சீநோர் நிறுவனத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) ஆறு இளைஞர்கள் ஒரே வீட்டில் இருந்தனர், முறை வைத்துச் சமைத்தனர். மச்சானின் பருப்புக் கறிக்குத் தனிப் பெயர் இருந்ததாம். பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். “கலியாணம் கட்டினதோடை மறந்து போச்சு” என்றார். மீன் வெட்டும் கை மறக்கவில்லை, அகப்பை பிடிக்கும் கை மட்டும் மறந்து விட்டது.

இவ்வளவும் எழுதியதனால் எல்லோரும் சமன் மீன் வாங்குங்கள் என்று நான் சொல்வதாகாது. கொழும்பின் பேரங்காடிகளில் உறைந்த நிலையில் கிடைக்கும் அம்மீனின் விலை, ஒரு பத்திரிகையாளனின் சம்பளத்தோடு பொருந்துவதில்லை. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 1970 இல் ஹித்ரா தீவில் இரு சகோதரர்கள் கடலில் மிதக்கும் வலைக்கூடுகளில் ஆரம்பித்த வளர்ப்பு, இன்று ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் விளைவிக்கும் பெருந்தொழிலாகியிருக்கிறது. 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் நோர்வேயின் கடற்கூடுகளில் 6 கோடிக்கும் அதிகமான சமன் மீன்கள் அறுவடைக்கு முன்னரே இறந்தன. நோயும், கடற்பேனும், பேனை அகற்றுவதற்கான சிகிச்சையின் கடுமையும் அதற்கான காரணங்களுள் அடங்கும். அந்த மீனின் தீனிக்கான மீன்மாவுக்கும் மீனெண்ணெய்க்கும் உலகின் பிற கடல்களில் சிறுமீன்கள் அள்ளப்படுகின்றன. எம்மைச் சுற்றிக் கடல் இருக்கும்போது அதனை விமானத்தில் வரவழைக்க வேண்டியதில்லை. வரவழைக்க வேண்டியது அந்தப் பையனின் இருபத்தேழு நிமிடங்களை.

கொழும்பு திரும்பியதும் முயன்று பார்த்தேன். அறக்குளா மீனை ஓர் அங்குலத் தடிப்பில் வெட்டுவித்து வந்தேன். தேனுக்குப் பதிலாகக் கித்துள் பாணி. (சீனி கலக்காத பாணியைத் தேடிப் பிடிப்பது இன்னொரு கதை.) வீட்டில் அடுப்புப் பெட்டி இல்லாததால் தாச்சியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன். முதல் முறை மீனையும் பாகையும் ஒன்றாகப் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரிக்கும் அளவுக்குக் கருக்கினேன். இரண்டாம் முறை பயத்தில் பாகைக் கடைசியில் ஊற்றினேன், ஆனால் மீன் பஞ்சு போல் உலர்ந்து விட்டது. சமனிலுள்ள கொழுப்பு அறக்குளாவில் இல்லை. ஆகையால் ஓரிரு நிமிடப் பிசகை அது மன்னிக்காது. மூன்றாம் முறை பக்கத்துக்கு மூன்று நிமிடம் மட்டும் வாட்டி, நெருப்பைக் குறைத்து, பாகை ஊற்றி இரு தடவை புரட்டி இறக்கினேன். மினுங்கியது. கூடவே அவித்த போஞ்சி.

அன்று பெற்றோர் கூட்டம் முடிந்து மனைவி ஏழு மணிக்கு வந்தார். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கைகழுவி வந்து இருந்தார். பாதி சாப்பிட்ட பின்னர்தான் வாய் திறந்தார்.

“உறைப்புக் காணாது.”

இப்போது புதன்கிழமைகளில் பாகுக்குள் இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி சேர்க்கிறேன்.