ஒரு மாதிரி

ஆவூரில் ஒருவருக்குப் பைத்தியப் பட்டம் கட்ட மருத்துவர் தேவைப்பட்டதில்லை. “அது ஒரு மாதிரி” என்று திண்ணையில் யாராவது சொன்னால் போதும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. புருஷன் செத்த பிறகு சத்தமாகச் சிரிப்பார், உச்சி வெயிலில் குளத்தங்கரையில் தனியாக உட்கார்ந்திருப்பார், பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு இது போதுமாக இருந்தது. ஜல்லிக்கட்டில் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கி, விலா எலும்பு உடைந்து கிடந்தவனை வீரன் என்றோம். மறுவருஷமும் வாடிவாசலுக்கு அனுப்பினோம். சும்மா உட்கார்ந்திருந்தவர்தான் எங்களுக்குப் பைத்தியம்.

ஒரு நாள் வேன் பிடித்துக் கூட்டிப்போனோம். எத்தனை நாளாக இப்படி, தூங்குகிறாரா, சண்டை போடுகிறாரா என்று மருத்துவர் கேட்டது பெரும்பாலும் எங்களைத்தான். சர்க்கரை வியாதி போல ரத்தத்தை எடுத்துக் கண்டுபிடிக்கிற நோயா இது? நோயாளி சொல்வது, கூட வந்தவர்கள் சொல்வது, மருத்துவர் கண்ணால் பார்ப்பது, இவ்வளவுதான் பெரும்பாலும் கையில் இருப்பது. அக்காவை வாய் திறக்கவிடாமல் நாங்களே பேசினோம். சிரிப்பைச் சொன்னோம். பங்காளிகள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டதைச் சொல்லவில்லை. வேனில் இரண்டு பங்காளிகளும் இருந்தார்கள்.

ஊரின் ஒழுக்கத்துக்கோ சமய நம்பிக்கைக்கோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்றாம் பிரிவில். பூசைக்கு வராததைத்தான் நாங்கள் முதலில் சொன்னோம்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்தவர்களில் 28 பேர் செத்தபோது, நடத்தியவனைத் தூக்கில் போடச் சொன்னோம், டீக்கடையில். அவர்களை பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டவர்கள் எங்களைப் போன்ற வீட்டார்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு பையன் இரண்டு வருஷமாக அறையைவிட்டு வெளியே வரவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. யாருக்கும் தொந்தரவில்லாததால் ‘தங்கமான பையன்’ என்றோம். வேன் பிடித்திருக்க வேண்டியது அவனுக்கு.

அக்கா இப்போது மாத்திரை அசதியில் பாதி நாள் தூங்குகிறார். சிரிப்பதில்லை. “இப்போ தேவலாம்” என்கிறோம். அவருடைய நிலத்தில் இந்த வருஷம் பங்காளிகள் கடலை போட்டிருக்கிறார்கள்.