ஆர்ச்சைத் தாண்டும் தண்ணீர்

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களின் தொலைபேசி ஓயாது. வெளியூர் உறவினர்கள் நலம் விசாரித்த கையோடு கேட்பது, "குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்றுதான். விழுகிறது என்ற பதில் மட்டும் போதாது, எப்படி விழுகிறது என்றும் தெரியவேண்டும். அதற்கு அளவுகோல், பேரருவியின் முன்னே நிற்கும் பாதுகாப்பு வளைவு. உள்ளூர்ப் பேச்சில் 'ஆர்ச்'. தண்ணீர் அதற்குள் அடங்கி விழுந்தால் குளியல். அதைத் தாண்டிக் கொட்டினால் போலீஸ் விசில், குளிக்கத் தடை.

குற்றாலத்தின் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அருவி காய்ந்தாலும் ஆள் வராது, பொங்கினாலும் வரமுடியாது. அளவாக விழும் நாட்களில்தான் விடுதி அறை நிரம்பும், எண்ணெய் தேய்த்துவிடுபவருக்கு நாலு காசு கிடைக்கும், மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும். அந்த நாட்கள் எப்போது வரும் என்பதுதான் இப்போது யாருக்கும் பிடிபடாமல் போகிறது.

குற்றாலச் சீசன் உண்மையில் கேரளத்து மழையின் மிச்சம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே இந்தப் பக்கம் நுழைவதால்தான் இங்கே சாரல். 2023-இல் கேரளத்தில் பருவமழை தொடங்கியதே ஜூன் 8-ஆம் தேதி. அந்த ஜூனில் அங்கே பெய்யவேண்டிய மழையில் 60 சதவீதம் குறைந்தது. ஆகஸ்ட் இன்னும் மோசம்: 1901-க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான். 2025-இல் கதை தலைகீழ். மே 24-ஆம் தேதியே பருவமழை வந்துவிட, பள்ளி விடுமுறை முடிவதற்குள் அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை.

இரண்டுக்கும் நடுவில் 2024. மே 17, கத்திரி வெயில் காலம். பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குளித்தவர்கள் அலறியடித்துப் படியேறி ஓடிய காட்சி அன்றைக்கே கைபேசிகளில் சுற்றிவந்தது.

மலைவாசத் தலங்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியே 29 டிகிரி கொதித்தது. கூட்டம் குறைந்ததா? நீதிமன்ற உத்தரவின்படி மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்து வாகனங்களை முறைப்படுத்தவேண்டிய நிலைதான் இருந்தது. சமவெளி வேகும்போது ஊட்டியின் 29 டிகிரியும் குளுமைதான். அருவிக்கு அந்தச் சலுகை கிடையாது.

வானம் மாறியும் மாறாமல் இருப்பது நம் கணக்கு. சீசன் கடையும் வாகன நிறுத்தமும் ஏலத்தில் போகின்றன. எடுத்தவர் கட்டும் தொகை, அருவி மூடிக்கிடந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான். நஷ்டத்தையும் யோசித்துத்தானே ஏலம் கேட்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். பத்து வருஷ அனுபவத்தை வைத்துக் கேட்கிறார்கள். அந்த அனுபவமே பொய்த்துப்போகும்போது என்ன செய்வார்கள்? தடை விதித்த நாட்களைக் கணக்கெடுத்து, அதற்கேற்பக் குத்தகையில் கழித்துக்கொடுப்பது கஷ்டமான காரியம் அல்ல. தடை போடுவது அரசு. அந்த நாட்களின் பட்டியலும் அரசிடமே இருக்கும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பேரருவிக்கு வரும் சிற்றாற்றுத் தண்ணீர் செண்பகாதேவி அருவியைத் தாண்டித்தான் கீழே இறங்குகிறது. மலையில் கொட்டும் மழை, அடிவாரத்தில் வெயில் காய்பவருக்குத் தெரியாது. அருவிகளுக்கு மேலே நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் தானியங்கி மழைமானியும் நீர்மட்டக் கருவியும், கீழே அவற்றோடு இணைந்த அபாயச் சங்கும் இருந்தால், காவலரின் கண் பார்ப்பதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும். சில நிமிடம்தான் மிச்சமாகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேற அது போதும்.

அதே கருவிகள் காட்டும் அளவைத் தினமும் காலையில் மாவட்ட நிர்வாகம் ஒவ்வோர் அருவிக்கும் தனித்தனியாக வெளியிடலாம். மதுரையிலும் விருதுநகரிலும் வேன் பேசி வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுவார்கள். தென்காசியில் இருக்கும் சித்தப்பாவுக்கும் காலை ஐந்து மணிக்குப் போன் வராது.